இடது பக்க இண்டிகேட்டர்

ஜூலை 3, வியாழன்

பெயிண்ட் வேலை முடிந்தது. பாடி பச்சை, முகத்தில் மஞ்சள் பட்டை, சேஸிஸ் முழுக்கக் கறுப்பு. பாடிக்கு ஆள் விட்டேன். சேஸிஸை மட்டும் எவனையும் தொட விடவில்லை. மூன்று நாள் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து நானே இரண்டு கோட்டிங் கொடுத்தேன். ஒரு போல்ட், ஒரு மூலை தப்பவில்லை. தலைமுடியில் பெயிண்ட், காதில் பெயிண்ட். என் வீட்டுக்காரி தவமணி மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு வந்து, "வண்டிக்கு அடிச்சதை விட உங்களுக்கு அடிச்சது சாஸ்தி" என்றாள்.

வரும் பதினாறாம் தேதி எஃப்.சி. பத்துச் சக்கர வண்டி, இருபத்திரண்டு வயது. வருஷா வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, ஓடத் தகுதியானதுதான் என்று கையெழுத்து வாங்கினால்தான் ரோட்டில் ஏற்ற முடியும். சங்ககிரியில் எஃப்.சி. என்றால் பெண் பார்க்க வருகிற மாதிரிதான். எல்லோரும் பெயிண்ட் அடித்து, பூ சுற்றித்தான் நிறுத்துவோம்.

இந்த வண்டி வாங்கின மறு வருஷம் மகள் பிறந்தாள். அதனால் எங்கள் வீட்டில் லாரிக்குப் பெரியவள் என்று பெயர். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறவள் சின்னவள்.

டயர் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இதுவரை எந்த ஊர், என்ன லோடு என்று மட்டும் கிறுக்கிக்கொண்டிருந்தேன். வண்டி இரண்டு வாரம் நிற்கிறது. ஸ்டியரிங் பிடிக்காத கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஜூலை 4, வெள்ளி

காலையில் லைட்டெல்லாம் போட்டுப் பார்த்தேன். தவமணி பின்னால் நின்றாள். வலது இண்டிகேட்டர் நன்றாக அடிக்கிறது. இடது பக்கம் முன்னால் அடிக்கிறது, பின்னால் மங்கலாகத் துடிக்கிறதாம். பார்க்கிங் லைட்டும் சேர்த்துப் போட்டால் இடது இண்டிகேட்டரோடு சிவப்பு லைட்டும் கூடவே கண் சிமிட்டுகிறதாம். பிரேக்கை மிதித்தால் எல்லாமே நின்றுவிடுகிறது. போன மாதம் வரை ஒழுங்காக இருந்த லைட்.

எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. பிளாஷர். டேஷ்போர்டுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா இருக்கும். இண்டிகேட்டரை அடித்து அடித்து விடுவது அதுதான். டக், டக் என்று சத்தம் வர வேண்டும். டேஷ்போர்டில் அம்புக்குறி பல்பு எப்போதோ செத்துப்போனதால் எனக்கு அந்தச் சத்தம்தான் கணக்கு. இன்று சத்தமே இல்லை. யோசித்துப் பார்த்தால் கொஞ்ச நாளாகவே இல்லை.

ஜூலை 5, சனி

புது பிளாஷர் வாங்கி மாட்டினேன். சத்தம் இல்லை. கடைக்குப் போய், டூப்ளிகேட்டை என் தலையில் கட்டிவிட்டாயா என்று கேட்டேன். கடைக்காரர் பேட்டரியில் வைத்துக் காட்டி ஏதோ முணுமுணுத்தார். இந்தக் காலத்து ஆட்கள் யாருக்கும் வாய் திறந்து பேசத் தெரியவில்லை. எல்லோரும் வாய்க்குள்ளேயே மென்று முழுங்குகிறார்கள். வேறு ஒன்று கொடுத்தார். அதிலும் சத்தம் இல்லை.

தவமணி பக்கத்தில் நின்றுகொண்டு, "கேக்குதுங்களே" என்றாள். அவளுக்கு வண்டி மேல் பாசம், அதனால் இல்லாததும் கேட்கும். சும்மா இரு என்று சொல்லிவிட்டேன். அவள் டீ போடப் போனாள்.

ஜூலை 6, ஞாயிறு

கோழிக்குழம்பு. சின்னவள் போன் செய்தாள், சிக்னல் சரியில்லை. அவள் பேசுவதைத் தவமணி வாங்கி எனக்குச் சொன்னாள். ஒரே வீட்டில் ஒரே போனில் அவளுக்கு மட்டும் சிக்னல் எடுப்பதுதான் ஆச்சரியம்.

ஜூலை 7, திங்கள்

ஒழுங்கு முறையாக இறங்கினேன். முதலில் ஃபியூஸ், நல்லது. பிறகு பின்பக்க விளக்கைக் கழற்றி பல்பை மாற்றினேன். மாற்றமில்லை. இடது பல்பை வலது பக்கம் போட்டால் பளீரென்று எரிகிறது, வலது பல்பை இடது பக்கம் போட்டால் மங்குகிறது. ஸ்டியரிங் பக்க சுவிட்சைப் பிரித்துத் துடைத்தேன். ஒயரைக் கடைசி வரை கையால் தடவிப் போனேன். எலி கடிக்கவில்லை, எங்கும் உரசவில்லை. டெஸ்ட் லைட்டின் ஒரு முனையை பேட்டரியோடு சேர்த்து, மறு முனையை ஹோல்டரில் வைத்தால் ஜம்மென்று எரிகிறது. கரண்ட் கடைசி வரை வந்துவிடுகிறது. வந்த கரண்ட் எங்கே போகிறது?

தவமணி இன்று முழுக்க ஒயரின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு கூடவே இருந்தாள். இந்த இரண்டு வருஷமாக லோடு எங்கே போனாலும் இடது சீட்டில் அவள்தான். கிளீனர் கிடைக்கவில்லை என்று ஒரு முறை வந்தாள், பிடித்துப்போய்விட்டது. சின்னவள் ஹாஸ்டலுக்குப் போனதும் தனியாக இருக்க முடியவில்லை, பாவம். ஊர் பார்க்கிற ஆசையும் உண்டு. கூட வருவதில் எனக்கு ஒரே ஒரு கஷ்டம்தான். இருபது கிலோமீட்டருக்கு ஒரு முறை ஒண்ணுக்குப் போக வேண்டும் என்பாள். அதுவும் ஓரம் கட்ட இடமில்லாத ரோட்டில்தான் சொல்வாள். டாக்டரிடம் காட்டு, சர்க்கரை இருக்கப்போகிறது என்றால் சிரிப்பாள். முட்டி வலியோடு ஏறுவதும் இறங்குவதுமாக அவள் படுகிற பாட்டுக்குப் பேசாமல் வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் அவள் இல்லாமல் போகிற ரோடு எனக்கு இப்போது ரொம்ப நீளம்.

ஜூலை 8, செவ்வாய்

மூன்றாவது பிளாஷரும் ஊமை. கோபத்தில் அதைத் தூக்கி எறியப் போனேன். தவமணி வாங்கித் திரும்ப மாட்டினாள். இண்டிகேட்டரைப் போட்டாள். என் வலது கையை எடுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் கொண்டுபோய், ஆள்காட்டி விரலைப் பிளாஷர் மேல் வைத்து அழுத்திப் பிடித்தாள்.

டக். டக். டக். விரலில் தெரிந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். பிளாஷர் நல்ல பிளாஷர். கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

ஜூலை 9, புதன்

தூறல். வேலை செய்யவில்லை. எழுதவும் ஒன்றுமில்லை.

ஜூலை 10, வியாழன்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இருந்தேன். நடந்தது நடந்ததுதான், எழுதிவிடுகிறேன்.

என்னால் ஆகாது என்று தாமோதரன் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பதினைந்து வருஷமாக இந்த வண்டிக்கு ஒயரிங் பார்க்கிற எலக்ட்ரீசியன். நான் சொன்ன கதையெல்லாம் கேட்டுவிட்டு, பிளாஷர் பக்கமே போகவில்லை. நேராகப் பின்னால் போய், ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஒரு முனையை இடது விளக்கின் தகட்டிலும் மறு முனையை வண்டியின் சைலன்சர் கிளாம்ப்பிலும் வைத்தான். இடது இண்டிகேட்டர் பளீர் பளீரென்று அடித்தது. ஒயரை எடுத்தான், மங்கியது. வைத்தான், எரிந்தது.

எர்த் இல்லை. போன கரண்ட் இரும்பு வழியாகத் திரும்பி வர வேண்டும், வழி அடைத்துக் கிடக்கிறது. அதனால்தான் பக்கத்து பல்பு வழியாகப் புகுந்து கண்டதையும் மினுக்கியிருக்கிறது. பெயிண்ட் அடிக்கும்போது பின்பக்க விளக்குகளைக் கழற்றி வைத்தேன். வலது பக்கம் போல்ட் இறங்குகிற இடத்தைத் துணியால் துடைத்திருக்கிறேன். இடது பக்கம் துடைக்கவில்லை. இரண்டு கோட்டிங் கறுப்புக்கு மேலேயே விளக்கைப் பூட்டியிருக்கிறேன். தாமோதரன் உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தான், அடியில் வெள்ளி நிறத்தில் இரும்பு தெரிந்தது.

"சேஸிஸ் யாருங்ணா அடிச்சது? ஒரு சந்து பொந்து விடாம அடிச்சிருக்கான்" என்று கேட்டான். தவமணி என்னைக் கை காட்டினாள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒரு வாரம் பிளாஷரை மாற்றி மாற்றிப் போட்டதெல்லாம் நான் ஆசையாக அடித்த பெயிண்டுக்காகத்தான்.

சிரித்த சிரிப்போடு வண்டியில் ஏறினேன். நிழலில் போட்டுப் பார்த்தால் லைட் இன்னும் நன்றாகத் தெரியும் என்று, வேப்பமரத்தடிக்கு ரிவர்ஸ் எடுத்தேன். தாமோதரன் டூல்ஸை எடுக்கப் பின்னால் குனிந்திருக்கிறான். எனக்குத் தெரியாது. கண்ணாடியில் விழவில்லை. அவன் கத்தியிருக்கிறான். கையால் பாடியைத் தட்டியிருக்கிறான். பட்டறையில் இருந்தவர்கள் எல்லோரும் கத்தியிருக்கிறார்கள். எனக்கு இன்ஜின் ஓடுகிற அதிர்வு மட்டும்தான் தெரிந்தது. தவமணி என் பக்கத்து ஃபுட்போர்டில் தாவி ஏறி, ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் தோளில் அறைந்தாள். பிரேக்கை மிதித்தேன்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். பின்னால் இருந்த சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. தாமோதரன் அதற்குள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். அவன் வாய் அசைந்தது. எனக்கு என்ன என்று கேட்கவில்லை. அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

ஜூலை 11, வெள்ளி

இன்று மத்தியானம் சோறு போட்டுவிட்டு, தவமணி எதிரில் உட்கார்ந்தாள். முகம் பார்த்துத்தான் பேசினாள். யோசித்தால் அவள் கொஞ்ச காலமாகவே என் எதிரில் வந்து முகம் பார்த்துத்தான் பேசுகிறாள்.

உனக்கு எப்போதிருந்து தெரியும் என்று நான்தான் முதலில் கேட்டேன்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால தருமபுரி கல்யாணத்துக்குப் போனமுங்களே, அன்னைக்கிருந்து" என்றாள்.

தொப்பூர்க் கணவாயில் எங்களுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது. சைரன் போட்டு, ஹாரன் அடித்து, இரண்டு கிலோமீட்டர். நான் பாட்டுக்கு நடு ரோட்டில் போயிருக்கிறேன். அவளுக்கு முதலில் புரியவில்லை, வேண்டுமென்றே வழி விடாமல் போகிறேன் என்று நினைத்தாளாம். அப்புறம் என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். நான் நிம்மதியாகக் கடலை தின்றுகொண்டு வந்தேனாம்.

"ஒண்ணுக்குப் போவோணும், ஓரங்கட்டுங்கன்னு சொன்னனுங்களே, அது பொய்யுங்க. அன்னைக்கு மட்டுமில்லைங்க, எல்லா நாளும்."

நான் சோற்றில் கை வைத்தபடி இருந்தேன். சேலம் பைபாஸ், கிருஷ்ணகிரி டோல், மதுரை ரிங் ரோடு. அவள் நிறுத்தச் சொன்ன இடமெல்லாம் வரிசையாக வந்தது. இறங்கிப் புதருக்குப் பின்னால் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்திருக்கிறாள், இந்த முட்டியை வைத்துக்கொண்டு. நான் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு கேலி செய்திருக்கிறேன்.

ஏன் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை என்று கத்தினேன். கோபம் வந்தது. இரண்டு வருஷமாக என்னை ஏமாற்றியிருக்கிறாள் என்று.

"சொன்னா வண்டிய விட்டு எறங்கோணும். எறங்குனா நீங்க என்னாவீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் நானே கூட வந்துட்டனுங்க" என்றாள். பிறகு, "ஆனா நேத்து நான் கீழ நின்னுட்டனுங்க. தப்பு என்னுதுங்க" என்று சொல்லி அழுதாள்.

அவள் தப்பாம்.

எனக்கும் தெரியும். அதை இன்று எழுதிவிடுகிறேன். சின்னவளின் போனில் சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது. கடைக்காரர் தெளிவாகத்தான் பேசினார். எனக்குப் போன வருஷமே தெரியும்.

ஜூலை 12, சனி

புக்கிங் ஆபீசில் எஃப்.சி. முடிந்தாலும் லோடு வேண்டாம், நான் கேட்கும்போது கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். சாவியைத் தவமணியிடம் கொடுத்தேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஜூலை 14, திங்கள்

ஈரோட்டில் காது டாக்டர். ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கு என்றார்கள். நிறைய நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தவமணி. சத்தம் வரும்போது அவள் முகத்தில் தெரிந்துவிடும் என்று, பார்க்கக் கூடாது எனத் தலையைக் குனிந்துகொண்டேன். பரீட்சையில் காப்பி அடித்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டு காதும் போயிருக்கிறது, கீச்சென்று வருகிற சத்தங்கள்தான் முதலில் போகுமாம். டிக்டிக், சைரன், பெண்களின் குரல். இன்ஜினில் சின்ன மாற்றம் வந்தாலும் எனக்குத் தெரிகிறதே என்றேன். அது காதில் கேட்பதில்லை, சீட்டிலும் காலிலும் தெரிகிறது என்றார் டாக்டர். முப்பது வருஷம் இன்ஜினைத் தொடையோரம் வைத்துக்கொண்டு ஓட்டியதற்கு இதுதான். மிஷின் வைத்தால் கேட்கும். வைத்துப் பழகி, மறுபடி வந்து சோதித்து, தான் கையெழுத்துப் போடுகிற வரை லாரியைத் தொடக் கூடாது என்றார். அப்போதும் சரியாக இல்லை என்றால்? அப்போதும் தொடக் கூடாது என்றார்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். பவானி தாண்டும் வரை தவமணி என் கையைப் பிடித்திருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

ஜூலை 16, புதன்

எஃப்.சி. வண்டியைத் தாமோதரன் ஓட்டினான். நேற்றே அவன் வீட்டுக்குப் போய் அவனிடமும் அவன் மனைவியிடமும் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன், "விடுங்ணா, நான்தான் சொல்லாம கொள்ளாம பின்னால குனிஞ்சேன்" என்றான். அவன் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். அது நியாயம்தான்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக இடது சீட்டில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் ரோடே வேறாக இருக்கிறது. ஓரத்துப் பள்ளம், சைக்கிள், ஆடு எல்லாம் மடிக்குக் கீழே வருகிறது. தவமணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இரண்டு வருஷம் வந்திருக்கிறாள். நான் மூன்று முறை இல்லாத பிரேக்கை மிதித்தேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் பின்னால் நின்றுகொண்டு இடது, வலது, பிரேக் என்று கேட்டுப் பார்த்தார். இடது இண்டிகேட்டர் ஜோராக அடித்தது. சேஸிஸைக் குனிந்து பார்த்துப் பெயிண்ட் பிரமாதம் என்றாராம். பாஸ். பெரியவளுக்கு இன்னும் ஒரு வருஷம் உண்டு. எனக்குத்தான் இன்னும் கையெழுத்து ஆகவில்லை.

ஜூலை 28, திங்கள்

மிஷின் வந்தது. வலது காதில் ஒன்று, இடது காதில் ஒன்று. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தால், உலகம் இவ்வளவு இரைச்சலா? பஸ் ஸ்டாண்டில் பிளாஸ்டிக் கவரைக் கசக்குகிறான் ஒருவன், காதுக்குள் கசக்குகிற மாதிரி இருக்கிறது. என் செருப்பு சரக் சரக்கென்று தேய்கிறது, இப்படியா நடந்துகொண்டிருந்தேன்?

தவமணி பேசினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறாள். மெல்லப் பேசு என்றேன். அவள் மெல்லத்தான் பேசினாளாம். இரண்டு வருஷமாக எனக்காகக் கத்திக் கத்தி அவளுக்குச் சத்தத்தைக் குறைக்கவே தெரியவில்லை. குறைத்துப் பார்த்தாள், காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்திருப்பார்கள். வீடு வந்து சேர்வதற்குள் ஓரளவுக்குப் பிடித்துவிட்டாள். நான் பெண் பார்க்கப் போனபோது கேட்ட குரல். கொஞ்சம் கரகரப்பு சேர்ந்திருக்கிறது.

சின்னவளுக்கு நானே போன் செய்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அவள் பாதிக்கு மேல் பேசாமல் அழுதுகொண்டிருந்தாள், அதுவும் கேட்டது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மறுபடி கண்ணாடி அறை. பட்டனை நிறைய முறை அமுக்கினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். மிஷின் இல்லாமல் சீட்டில் ஏறக் கூடாது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டும். சரிங்க என்றேன். கேட்டுத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆடிப்பெருக்கு முடிந்து முதல் லோடு. சிமெண்ட், திருச்சிக்கு. காலை ஆறு மணிக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, சாவியைத் தவமணி என் கையில் கொடுத்தாள். ஏறி உட்கார்ந்து இடது இண்டிகேட்டரைப் போட்டேன். டக் டக் டக். ஒரு நிமிஷம் அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

தவமணி கீழே நின்றுகொண்டிருந்தாள். அவள் பை, தண்ணீர் கேன், முட்டிக்குத் தேய்க்கிற தைலம் எல்லாம் ஏற்கனவே சீட்டில் இருந்தன. அவள் மட்டும் ஏறவில்லை. ஜன்னலைப் பார்த்து, புதிதாகப் பழகின மெல்லிய குரலில் கேட்டாள்.

"ஏனுங்க, இனி உங்களுக்குத்தான் எல்லாம் கேக்குதே. நான் வீட்டோட இருந்துக்கட்டுங்களா?"

ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. நான் காதைத் தொட்டுக் காட்டி, ஒன்றும் கேட்கவில்லை என்று தலையை ஆட்டினேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "புது மிஷினு, அதுக்குள்ள போச்சாட்ட இருக்குது" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, சுற்றிப் போய் இடது பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினாள்.